பட்டியலில் இல்லாத பெயர்

தொண்ணூற்றாறு வயதில், கொள்ளுப்பேரனின் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அப்பா போனார். அதனால் பாடையில் பலூன் கட்டி, மேளத்தோடு கொண்டுபோனோம். சிதை எரியத் தொடங்கியதும், குருத்வாராவில் மறை ஓதும் கிரந்தி லாப் சிங், சோகிலா சொன்னார். அப்பா தினமும் படுக்கும் முன் சொல்லும் அதே பிரார்த்தனை.

"கடைசி வரிக்கு முன்னாடியே பாப்புஜிக்குக் குறட்டை வந்துடும்" என்றான் அண்ணன் ஹர்மேல். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். வீடு திரும்பியவர்களுக்கு ஜிலேபி கொடுத்தோம்.

அப்பா கேட்டிருந்தது ஒன்றுதான். தனக்காக எங்கள் மறைநூலான குரு கிரந்த சாகிபை வீட்டாரே முழுக்கப் படிக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. அண்ணன் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

ஆயிரத்து நானூற்று முப்பது பக்கம், பத்து நாள். கடைசிச் சில பக்கங்களை ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு ஊர் கூடியபின் கிரந்தி படித்து முடிப்பார். அதுவரை எங்கள் பொறுப்பு. அண்ணன் முறை போட்டு எழுதிச் சுவரில் ஒட்டினான்: அவன், நான், மாமாவின் இரண்டு மகன்கள்.

அண்ணி சரண்பால் வந்து பார்த்தாள். "என் பேரு எங்க?"

"வர்ற சனத்துக்கு ரொட்டி யாரு சுடுறது?"

அண்ணி அடுப்படிக்குத் திரும்பினாள்.

நாலாம் நாள் மாமாவின் மூத்த மகனுக்குத் தொண்டை கட்டியது. இளையவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டான். அண்ணனோ, அப்பா முணுமுணுத்த வரி எது வந்தாலும் குரல் அடைத்து நின்றுவிடுவான். அவனுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து பக்கம். நான் இருபது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இன்னும் நூற்றுப் பத்துப் பக்கம் பாக்கி. நான் படித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் ஷாமியானா ஏறிவிட்டது. கிரந்தி எட்டிப் பார்த்து அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்.

"குருத்வாராவுல ரெண்டு பேர் சும்மாதான் இருக்காங்க. கூப்பிடவா?"

"வேணாம் கியானிஜி. பாப்புஜி கையப் பிடிச்சுச் சொல்லியிருக்கேன்" என்றான் அண்ணன்.

"அப்ப உன் பொண்டாட்டியக் கூப்பிடேன்ப்பா. முப்பது வருசமா மாடு கறந்துக்கிட்டே காலை ஜெபம் ஜப்ஜி சொல்றா. பால் செம்பு நிறையறதுக்குள்ள முடிச்சிடுவா. உன் வீட்டுக்குள்ளயே ஆளை வச்சுக்கிட்டு வெளியில தேடுற!"

அண்ணன் அடுப்படி வாசலில் போய் நின்றான். "சரண்பால், வந்து படிக்கிறியா?"

"ரொட்டி யாரு சுடுறது?"

"நான் சுடுறேன்."

அடுப்படியில் இருந்த பெண்கள் கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. அண்ணி மாவுக் கையைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

எட்டரைக்கு என் இடத்தில் அமர்ந்தாள். கிரந்தத்தின் மேல் வீசும் சாமரத்தை மாமாவின் மூத்த மகன் எடுத்துக்கொண்டான். அதன்பின் அந்த அறையிலிருந்து வந்த குரல் தடைபடவே இல்லை. ஒரு சொல்லையும் விழுங்காமல், வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது. முற்றத்தில் நானும் அண்ணனும் தலையில் துணி கட்டி, ரொட்டிக் கல்லின் முன் வியர்த்துக்கொண்டிருந்தோம். அவன் தேய்த்தான், நான் புரட்டினேன், பாதி கருகியது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணி எழுந்து கிரந்திக்கு இடம் விட்டாள். அண்ணன் மாவுக் கையோடு ஓடிவந்து வாசலிலேயே நெற்றி தரையில் பட வணங்கினான். எழுந்தபோது கண் நிறைந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

நிறைவுப் பிரார்த்தனையான அர்தாஸ் முடிந்து, அல்வா வாங்கிக்கொண்டு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் ரொட்டியைத் தூக்கிப் பிடித்தார். "இது எந்த நாட்டு வரைபடம் ஹர்மேல்?"

பந்தி முழுக்கச் சிரிப்பு. அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரொட்டி போட்டீங்க?"

அண்ணன் பருப்பைக் கிளறினான். "பதினஞ்சு."

"பரவாயில்ல" என்றாள் அண்ணி. "படிக்கிற வேகம் குறையல."