ஒன்றரை அங்குலத் துளை

இல்லை, இது சாரல்தான், சாரலாகத்தான் இருக்க வேண்டும், தார்ப்பாய் ஓரத்திலிருந்து சொட்டியிருக்கும்... சுஜிதா புறங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு குளத்தில் மிதந்த வள்ளத்தின் அடித்தட்டில் மறுபடியும் குனிந்தாள். துளையைச் சுற்றித் தூவிய முகப்பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஒரு சொட்டுப் பட்டாலும் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும், தென்காசிப் பட்டறையில் பத்து வருஷமாக ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகளின் இணைப்புகளை அவள் இப்படித்தான் சோதிக்கிறாள், குற்றாலத்து லாட்ஜ் மாடிகளில் அவள் தொட்டிகள் எத்தனை நிற்கின்றன, ஒன்றாவது ஒழுகியிருக்கிறதா? ஒழுகினாலும் என்ன, லாட்ஜ்காரர் போன் பண்ணி ஏசுவார், ஆள் அனுப்பி அடைத்துவிடலாம். இது ஒழுகினால் யார் போன் பண்ணுவார்கள், எங்கேயிருந்து பண்ணுவார்கள்... தண்ணீரை உள்ளே நிறுத்தத்தானே அவளுக்குத் தெரியும், வெளியே நிறுத்த எப்போது பழகினாள்?

தொட்டி செய்து தா என்று புருஷன் ஜெபஸ்டின் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. உவரியில் பிறந்து கடலிலேயே வளர்ந்தவன், நாலு வருஷத்துக்கு முன்னால் எஞ்சின் நின்று மூன்று நாள் கடலில் மிதந்து, உதடெல்லாம் வெடித்துத் திரும்பி வந்தவன். அதற்குப் பிறகு கடல் பக்கமே போகாமல் ஐந்தருவியில் துண்டும் எண்ணெயும் விற்றுக்கொண்டிருந்தான், அவளும் அப்பாடா என்றிருந்தாள், அப்புறம் அவன் சித்தப்பா மகன் தேவா போன் பண்ணினான், பழைய ஃபைபர் வள்ளம் ஒன்று வருகிறது, கூட்டாக வாங்குவோம், சூரை மீன் பிடிக்கலாம் என்று. “உயிரோட சாளை மீனப் போட்டாத்தான் சூரை கடிக்கும், செத்த இரைய மோந்துகூடப் பாக்காது. ஒரு தொட்டி வச்சுக் குடுட்டி.” மூலை இருந்தால் சாளை முட்டி முட்டிச் சாகும் என்றான், அவள் தொட்டியை உருண்டையாகச் செய்தாள். தண்ணீர் நின்றால் அரை மணி நேரத்தில் எல்லாம் மல்லாந்துவிடும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். தண்ணி எங்கேருந்துங்க வரும்? “அடியிலேருந்துதான். வள்ளத்துல ஓட்டை போடணும்.” கடையில் கடுகு வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னான். செவ்வாய்க்கிழமை அவள்தான் போட்டாள், துளை போடும் மெஷினை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு... வெட்டிய வில்லை கீழே விழுந்ததும் துளை வழியாகப் பட்டறைத் தரை தெரிந்தது. புருஷன் போகிற வள்ளத்தில் எந்தப் பெண்ணாவது ஓட்டை போடுவாளா?

வடகரைக் குளம் அசையாமல் கிடந்தது, இங்கே கழுத்தளவுதான் ஆழம், கடலில் எவ்வளவு? அவள் துளையில் பொருத்தியிருந்த பித்தளை வால்வைத் திறந்து மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் ஏறி, மேல் குழாய் வழியாகக் குளத்துக்கே திரும்பிப் போயிற்று. வள்ளத்தை இழுத்து வந்த டிராக்டர்காரர் உமாசங்கர் வலைத்துணியில் பிடித்துக் கொடுத்த கெண்டைக்குஞ்சுகளை விட்டாள், சுவரில் ஒன்றுகூட முட்டாமல் வட்டமடித்தன. எல்லாம் சரி... ஆனால் பசை கலந்த அன்றைக்கும் சாரல்தானே, ஈரக்காற்றில் அது முழுசாக இறுகியிருக்குமா, அலை தூக்கித் தூக்கி அடித்தால் இந்த மரை தாங்குமா, தூங்குகிற நேரத்தில் மெதுவாகக் கசிந்தால் அவனுக்குத் தெரியுமா? துளையோரத்தில் உள்ளங்கையை வைத்தாள். அடியில் தண்ணீர் நெருக்குவது தெரிந்தது, தண்ணீரா அவள் நாடியா? எடுத்துப் பார்த்தாள். பவுடர் வெள்ளை. வால்வின் மரையில் வெள்ளை. அரை மணி நேரம் ஆகிவிட்டது, உலர்ந்த வெள்ளை.

“ஏட்டி சுஜி, தண்ணி வருதா?” கரையிலிருந்து ஜெபஸ்டின் கேட்டான்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இல்லை என்றால் திங்கட்கிழமை லாரி, செவ்வாய்க்கிழமை உவரி, புதன்கிழமை விடிகாலை கடல்...

“வருதுங்க” என்றாள். “லேசாக் கசியுது. பிரிச்சு மறுபடி ஒட்டணும்.”

என்ன பொய் இது, வள்ளத்தோடு பிறந்தவனிடமா, இரண்டு எட்டில் ஏறி வந்து விரலால் ஒரு தடவு தடவினால் போதுமே... அவசரமாகத் தொட்டித் தண்ணீரில் கையை நனைத்துப் பவுடரில் தேய்த்தாள், அது சேறாகக் குழைந்தது. வரட்டும், பார்க்கட்டும். காலடிக்காகக் காத்திருந்தாள். காலடி கேட்கவில்லை. தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவன் கரையிலேயே நின்றிருந்தான், செருப்பில்கூட ஈரமில்லை. எங்கே கசியுது, எவ்வளவு கசியுது, ஒன்றும் கேட்கவில்லை.

“சரி விடு” என்றான். “அவசரமில்லட்டி, மெதுவாப் பாத்துக்கிடலாம். தேவாட்ட நான் சொல்லுதேன்.” அண்ணே, வண்டியத் திருப்புங்க என்று உமாசங்கரைக் கூப்பிட்டபோது அந்தக் குரலில் ஏமாற்றம் இல்லை, அவள் தேடிப் பார்த்தாள், இல்லை. போக இடமில்லாத குளத்தில் மிதக்கும் வள்ளத்துக்காக அவன் கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான், இப்போது ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தான், கன்றிச் சிவந்த தோலைத் தேய்த்துக்கொண்டான். வள்ளம் பட்டறைக்கு வந்து பதினோரு நாள். எஞ்சின் இப்படி, பலகை அப்படி, தொட்டி இங்கன, குழாய் அங்கன என்று அத்தனையும் தரையில் நின்று கை நீட்டித்தான் சொன்னான்... ஒரு தடவையாவது அவன் இதற்குள் கால் வைத்தானா?

கெண்டைக்குஞ்சுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. சுஜிதா துளையருகே உட்கார்ந்து, காய்ந்து கிடந்த வால்வைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள், கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஈரம் துடைப்பதாகவே தெரியட்டும் என்று.