நாலாம் நம்பர், யோஷி

அன்று மின்பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள்: ஆசிரியர் இவாகிரி, துணைத் தலைமையாசிரியை ஹமாசாகி, மூன்றாம் ஆண்டு மின் பிரிவின் வகுப்புத் தலைவன் மினோபெ, தொண்டை கட்டிப்போயிருந்த சோனோதா, இவர்களோடு அதே வகுப்பு மாணவர்கள் ஏழு பேர். வேறு யாரும் இல்லை. ஹமாசாகி பிற்பாடு இரண்டு தடவை தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னார். இவாகிரி எண்ணவில்லை.

மழை. கூரைத் தகடு விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

யோஷி என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் பழகிய சொல். ரயில் ஓட்டுகிறவர் வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டி, சிக்னலைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது, இனி கை வைக்கலாம் என்று பொருள். இந்தத் தொழிற்கல்விப் பள்ளியில் அதற்கு இன்னொரு வழக்கமும் சேர்ந்திருந்தது. மின் ஸ்விட்சுகள் இருக்கிற பேனல் அறைக்குள் போகிறவன் உள்ளே இருந்து யோஷி என்று குரல் கொடுப்பான். வெளியே மஞ்சள் கோட்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பதிலுக்கு யோஷி என்பார்கள். உள்ளே அவன் எதைப் பார்த்தான் என்பது கோட்டில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை. இலையுதிர் காலத்தில் கம்பெனிக்காரர்கள் ஆள் பொறுக்க வருவார்கள். அந்தக் கோரஸைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள்.

அந்தக் குரலில், முன்பு இங்கே படித்த ஒரிபேயை அடித்துக்கொள்ள ஆள் இருந்ததில்லை. ஆட்டங்களில் சேர்ந்து கத்தி உற்சாகம் ஊட்டுகிற பள்ளி ஆரவாரக் குழுவுக்குத் தலைவன் அவன். ஆற்றங்கரை மைதானத்தில் அவன் வாயைத் திறந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நூடுல்ஸ் கடையில் சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இவாகிரியின் செய்முறைத் தேர்வில் குரலுக்கு இருபதுக்கு இருபது வாங்கினான். படித்து முடித்ததும் குளிர்பதன உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். முதல் குளிர்காலத்தில் ஒருநாள், பேனலுக்கு முன்னால் நின்று, மின்சாரம் இருந்தால் எரிகிற விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தான். விரலை நீட்டினான். யோஷி என்றான். பின்னால் நின்றவர்கள் பதில் சொன்னார்கள். கையை உள்ளே விட்டான். ஹீட்டர் போட வசதியாக யாரோ அவன் கை வைத்த அதே முனைக்கு வேறு இடத்திலிருந்து ஒரு லைன் இழுத்து வைத்திருந்தார்கள். அந்த லைனுக்கு விளக்கு கிடையாது.

இறந்துபோன ஒரிபேக்கு ஊதுபத்தி ஏற்ற அவன் வீட்டுக்குப் போனபோது அங்கே வந்திருந்த தொழிற்சாலை ஃபோர்மன் இவாகிரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசிவரைக்கும் குரல் பிசகல சார். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே செஞ்சான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

இவாகிரி அதற்குப் பிறகு ரயில் ஏறவில்லை. மழையானாலும் சைக்கிள்தான். அப்படியும் தப்ப முடியவில்லை. மாணவர்கள் சேர்ந்து குரல் கொடுக்கும்போதெல்லாம் கடைசியில், அரை நொடி பிந்தி, இன்னொரு குரல் அவர் காதில் விழுந்தது. சொல்லின் வாலைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிற குரல். ஆரவாரக் குழுக்காரர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். காது கோளாறு என்று மருத்துவரிடம் போனார். காது நன்றாக இருந்தது.

கோடை விடுமுறையில் தன் பழைய செய்முறைப் பாடத்தை எடுத்து மேஜையில் போட்டுப் பார்த்தார். குரலுக்கு இருபது. விரல் நீட்டும் வாகுக்குப் பத்து. நிற்கும் நிலைக்குப் பத்து. ஸ்விட்சை வரிசைப்படி அணைப்பதற்கு நாற்பது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட, மாணவன் யோஷி என்று சொன்ன நேரத்தில் அந்தப் பேனலில் மின்சாரம் இருந்ததில்லை. இருக்காதபடி அவரே பார்த்துக்கொண்டார். கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான், அதுவும் எப்போதும் அதே பதில். நல்ல குரல் இருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டே எண்பது மதிப்பெண் வாங்கிவிடலாம்.

புதிய பாடம் எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது சுலபமாகப் போய்விட்டது. இரண்டாவது லைனைச் சிவப்பு வயரில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இழுத்திருந்தார். அடுத்து எழுதியதில் அதைப் பேனலின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அதை அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடியாத கோளாறை வைப்பது பழிவாங்கல்தான் என்று தோன்றியது. கிழித்துப் போட்டார். கடைசியில் ஏழாம் நம்பர் ஸ்விட்சிலிருந்து நான்காம் நம்பர் முனைக்கு ஒரு லைன் கொடுத்தார். இருபத்துநான்கு வோல்ட். ஆளை ஒன்றும் செய்யாது, மின்சாரம் இருப்பதைக் காட்டுகிற டெஸ்டரின் முள்ளை மட்டும் அசைக்கும். டெஸ்டர் எப்போதும் தொங்குகிற கொக்கியிலேயே தொங்கும். எடுத்து ஒருமுறை தொட்டால் போதும், முதலாம் ஆண்டுப் பையனுக்கும் தெரிந்துவிடும். தாளில் இவ்வளவுதான் இருந்தது: நான்காம் நம்பரை அணை. மின்சாரம் இல்லை என்று உனக்கு நிச்சயமானால் குரல் கொடு. நிச்சயமாகவில்லை என்றால் வெளியே வந்து காரணம் சொல்.

விஷயம் ஹமாசாகியின் காதுக்குப் போய்விட்டது.

"பிள்ளைங்களுக்குப் பொறி வைக்கிறீங்களாமே" என்றார் தேர்வன்று மஞ்சள் கோட்டின் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

"தொட்டுப் பார்த்தா தெரியிற பொறி மேடம்."

"நம்ம பிள்ளைங்கள எதுக்கு எடுக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? கணக்குக்கா? குரலுக்கு சார். அதையும் பிடுங்கிட்டா எங்க போய் நிப்பாங்க?" அவர் குரலில் கோபம் இல்லை, அக்கறை இருந்தது. "சரி, இப்படிச் செய்வோம். நான் வெளிய இருந்து பழைய முறைப்படி போடறேன். நீங்க உள்ள இருந்து உங்க முறைப்படி போடுங்க. எது செல்லும்னு முடிவுல பார்த்துக்கலாம்."

அன்றைய மதிப்பெண்ணை வைத்துத்தான் கம்பெனிகளுக்குப் பள்ளியின் சிபாரிசு போகும். அதிகம் தவித்தவள் சோனோதா. லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் சேர அவளுக்கு ஆசை. எழுத்துத் தேர்வெல்லாம் தேறியிருந்தாள். குரலில்தான் எப்போதும் எட்டு, ஒன்பது. இந்தத் தடவை இருபது வாங்கினால்தான் சிபாரிசுப் பட்டியலில் ஏற முடியும். ஆனால் முந்தின நாள் தோழியின் பிறந்தநாளுக்குக் கரோக்கே போய்க் கத்தித் தீர்த்துவிட்டு வந்திருந்தாள்.

"வாத்து மாதிரி இருக்குடி உன் குரல்" என்றான் மினோபெ.

"போடா" என்றாள். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

"மேடம், வாத்துக்கும் மார்க் உண்டா?"

"வரிசைல நில்லு மினோபெ. நீதான் முதல்ல."

இவாகிரி தாளோடு பேனல் அறைக்குள் போய் மூலையில் நின்றார். மினோபெ உள்ளே வந்து கதவைப் பாதி சாத்தினான். நான்காம் நம்பரை அணைத்தான். விளக்கு அணைந்தது. குதிகாலைச் சேர்த்து, விரலை நீட்டி, "நாலாம் நம்பர், யோஷி!" என்றான்.

"யோஷி!" என்றது வெளியே கோடு. அரை நொடி பிந்தி வால் தூக்கிய அந்தக் குரலும் வந்தது. இவாகிரிக்கு அது பழகிவிட்டிருந்தது. தாளில் பூஜ்யம் போட்டார்.

அடுத்தவன் வந்தான், அதற்கடுத்தவன் வந்தான். எல்லாரும் விளக்கைப் பார்த்தார்கள், குரல் கொடுத்தார்கள். டெஸ்டர் கொக்கியில் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பூஜ்யங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. வெளியே ஹமாசாகி பதினேழு, பதினெட்டு என்று போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் சோனோதா வந்தாள். அணைத்தாள். விளக்கைப் பார்த்து விரலை நீட்டி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. செருமினாள். இவாகிரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கக் கூடாது, திறக்கவில்லை. தொண்டை இளகும்வரை கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டெஸ்டரை எடுத்து முனையில் தொட்டாள். வேறு நோக்கம் எதுவும் அவளுக்கு இல்லை.

முள் அசைந்தது.

எடுத்துவிட்டு மறுபடி தொட்டாள். மறுபடி அசைந்தது. டெஸ்டரைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது அந்தக் குரல் வந்தது.

"நாலாம் நம்பர், யோஷி!"

பேனலுக்கும் அவர்களுக்கும் நடுவிலிருந்து வந்தது. அங்கே நெஞ்சு உயரத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாலைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்ட குரல். பேனலின் தகடு அதில் அதிர்ந்தது.

"யோஷி!" என்று வெளியே எட்டுப் பேரும் பதில் சொன்னார்கள்.

சோனோதா இவாகிரியைப் பார்த்தாள். இத்தனை மாதமாக இது தன் காதில் மட்டும்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சௌகரியமும் போனது.

வெளியே வந்தபோது ஹமாசாகி சிரித்துக்கொண்டிருந்தார். "தொண்டை கட்டிருக்குன்னு யாரு சொன்னது? கூரையே பறந்திருக்கும் போல. இருபதுக்கு இருபது."

"நான் குடுக்கல மேடம்" என்றாள் சோனோதா. தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி ஒரு சத்தம்.

சிரிப்பு நின்றது. அந்தத் தொண்டையிலிருந்து அந்தக் குரல் வந்திருக்க முடியாது என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"ஒரிபே அண்ணா" என்றான் மினோபெ. அவனும் ஆரவாரக் குழுவில் இருந்தவன், ஒரிபேயிடம்தான் கத்தப் பழகினான். "மேடம், அது ஒரிபே அண்ணா."

"வாயை மூடு மினோபெ." ஹமாசாகி எழுந்து தலைகளை எண்ணினார். பேனல் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பிறகு இவாகிரியின் கையைத் தொட்டு ஓரமாகக் கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் ஓரமாகப் பேசுவதற்கும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. எல்லார் காதிலும் விழுந்தது.

"அவதான் குடுத்தான்னு சொல்லுங்க. அவ்வளவுதான். பழைய முறையே போதும். அவளுக்கு இருபது, லிஃப்ட் கம்பெனிக்கு சிபாரிசு போயிடும். மத்த எட்டு பேரும் பாஸ். எல்லாருக்கும் நல்லது."

"இல்லன்னு சொன்னா?"

"அப்ப குரல் குடுத்தது யாருன்னு நான் எழுதறது? நீங்களே சொல்லுங்க."

இவாகிரி சோனோதாவைப் பார்த்தார்.

"எனக்கு அந்த வேலை வேணும் சார்" என்று கீறினாள். "ஆனா நான் குடுக்கல. முள்ளு அசைஞ்சுது."

"அவ குடுக்கல மேடம்" என்றார் இவாகிரி. "உள்ளே மின்சாரம் இருந்துது. குடுக்காததுக்குத்தான் மார்க். அவளுக்கு நூறு, மத்தவங்களுக்குப் பூஜ்யம்."

மினோபெ கோட்டைத் தாண்டி வந்தான். "என்ன சார் இது? மூணு வருஷமா கத்து, கத்துன்னீங்க. கத்தினதுக்குத்தானே மார்க் போட்டீங்க? இப்ப கத்தினதுக்குப் பூஜ்யமா? நாங்க என்ன பைத்தியமா?"

"நீ சொல்றது சரி" என்றார் இவாகிரி.

அவன் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு யாரையும் கேட்காமல் பேனல் அறைக்குள் போனான். கொக்கியிலிருந்து டெஸ்டர் எடுக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"இருக்கு" என்றான் மற்றவர்களிடம். "விளக்கு அணைஞ்சுதான் இருக்கு. ஆனா இருக்கு. போய்ப் பாருங்கடா."

ஒவ்வொருவராகப் போனார்கள், பார்த்தார்கள், வந்தார்கள். உள்ளேயிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை. கோட்டில் பதில் சொல்லவும் யாரும் இல்லை. ஹமாசாகி மட்டும் போகவில்லை. நாற்காலியை மடித்து வைத்துவிட்டு, "இந்த மார்க் ரெண்டும் செல்லாது. அடுத்த வாரம் வேற ஒருத்தர வெச்சுப் பழையபடி நடத்தறோம். அதுக்குள்ள இவ தொண்டை சரியாச்சுன்னா பார்க்கலாம். நீங்க பூட்டினதும் சாவிய ஆபீஸ்ல குடுத்துடுங்க சார்" என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. மிகவும் களைத்துப்போனவர் மாதிரி குடையை விரித்துக்கொண்டு போனார்.

மாணவர்களும் போனார்கள். அன்றைய பூட்டும் முறை சோனோதாவுடையது என்பதால் அவள் மட்டும் சாவியோடு நின்றாள்.

இவாகிரி உள்ளே போய் ஏழாம் நம்பரை அணைத்து இரண்டாவது லைனைக் கழற்றினார். டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். முள் அசையவில்லை. இப்போது நிஜமாகவே மின்சாரம் இல்லை. இப்போது யார் சொன்னாலும் அது உண்மை. அவர் அந்தக் குரலுக்காகக் காத்து நின்றார். மழைதான் கேட்டது.

பேனல் அறையைப் பூட்டுவதற்கு முன் பூட்டுகிறவர் உள்ளே விரலை நீட்டி "ஆள் இல்லை, யோஷி" என்று சொல்ல வேண்டும். அது விதி. சொல்லாமல் யாரும் அந்தக் கதவைப் பூட்டியதில்லை.

"சார், உள்ள வேற யாரும் இல்லையே?" என்றாள் சோனோதா வாசலில் நின்று.

"நீயே பாரு."

அவள் உள்ளே வந்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பேனலுக்கு முன்னால் அந்த வெற்றிடத்தில் கையை மெதுவாக நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

"பார்த்துட்டேன்" என்றாள்.

"என்ன சொல்ற?"

"எனக்கு நிச்சயமாத் தெரியல சார்."

இவாகிரி தலையசைத்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். சோனோதா விரலை நீட்டவில்லை, வாயையும் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.