தேவநாதன் கேட்ட இசைத்தட்டும் அதற்கான காரணமும்

விருத்தாசலம் தாலுகாவில் இசை கேட்கத் தெரிந்த காதுகள் மொத்தம் இரண்டுதான் என்றும், இரண்டும் தம் தலையிலேயே அமைந்துவிட்டது தற்செயல் என்றும் தேவநாதன் சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார். நாங்களும் சிரிக்க மாட்டோம். சிரித்தால் டீ வராது.

தேவநாதனுக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் வேலை. சூளையிலிருந்து வரும் கோப்பைகளை விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை சரியில்லாததை ஒதுக்க வேண்டும். பகலெல்லாம் கோப்பையைச் சுண்டிச் சுண்டி, மனிதர்களையும் அப்படியே சுண்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் இசைத்தட்டுக் கூட்டம் நடக்கும். பாண்டிச்சேரிச் சித்தப்பா ஒருவர் கொடுத்த ரெக்கார்டு பிளேயர் நடுவில் இருக்கும். எல்.பி. தட்டுகளை, வெளியூருக்கு அனுப்பும் கோப்பைகளைப் போல, வைக்கோல் போட்ட பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இந்த வாரம் என்ன கேட்டோம், ஏன் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். ‘ஏன்’தான் முக்கியம். காரணமில்லாமல் கேட்பவன் இசை கேட்கவில்லை, அவன் காதில் சத்தம் விழுகிறது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

நான் காலேஜில் படிப்பவன் என்பதால், ‘இதில் மனித குலத்தின் தனிமை தெரிகிறது’ என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். மற்றவர்களுக்கெல்லாம் தொழிற்பேட்டையில் ஒதுக்கிய கோப்பை; எனக்கு மட்டும் காது கோணாத கோப்பையில் டீ கிடைக்கும்.

பழமலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கடைவீதியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். பிளேயருக்கு ஊசி வாங்கித் தருவதால் கூட்டத்தில் அவனுக்கும் இடம்.

"இந்த வாரம் என்னப்பா கேட்டே?"

"அந்த அண்ணன் தங்கச்சி படத்துப் பாட்டுங்க சார்."

"போன வாரமும் அதானே?"

"ஆமாங்க. அதேதான்."

"ஏன்?"

"எங்க அக்கா கண்ணாலத்துல போட்டதுங்க. கேட்டா அக்கா வூட்டுக்கு வந்த மாதிரி இருக்குது."

"அக்கா வரணும்னா திட்டக்குடியிலேர்ந்து பஸ்ஸு இருக்குது. அதுக்கு எதுக்கு இசை? இது காரணமே இல்ல பழமலை. சொந்தக்காரங்க விவகாரம்."

பழமலை உட்கார்ந்து, காது கோணிய கோப்பையை வாங்கிக்கொண்டான்.

நல்லதைப் போட்டுக் காட்டினால் ஜனங்கள் கேட்பார்கள், போடத்தான் ஆளில்லை என்று தேவநாதன் அடிக்கடி வருந்துவார். அந்தக் குறை ஆவணியில் கம்மாபுரத்தில் நீங்கியது. ஆண்டாள் என்பவரின் மகளுக்குக் காதுகுத்து, பழமலை மைக் செட். வேடிக்கை பார்க்க நான் போனேன். தேவநாதன் வைக்கோலில் சுற்றிய ஒரு தட்டோடு வந்தார்.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்த நிலத்தின் பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டையில் ஆண்டாளுக்கும் அவள் அண்ணன் சாமிக்கண்ணுவுக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. ஆனால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும்? ஆண்டாளே ஸ்ரீமுஷ்ணம் போய் அழைத்துவிட்டு வந்திருந்தாள். அண்ணன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து அவள் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

சீர் கொண்டுவரும் மாமன் நேராக வீட்டுக்கு வந்துவிட மாட்டார். ஊர் எல்லையில் நிற்பார். மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, அந்த அண்ணன் தங்கச்சிப் பாட்டைப் போட வேண்டும். போட்டால்தான் நடப்பார்.

"சார், நான் ரெண்டு வாய் சாப்ட்டு வந்துடறேன். மாமன் வந்துட்டாங்கன்னு ஆளு சொன்னா, இந்தத் தட்ட வச்சிடுங்க" என்று பழமலை பந்திக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததும் தேவநாதன் மைக்கைப் பிடித்தார். "கம்மாபுரம் மக்களே, இப்போது நீங்கள் முதல்முறையாக இசை கேட்கப் போகிறீர்கள்" என்று அறிவித்துவிட்டுத் தம் தட்டை வைத்தார். யாரோ ஒரு ஜெர்மானியர் எழுதியது. புளியமரத்துக் குழாய் ஸ்பீக்கரிலிருந்து வயலின்கள் வயல்வெளி முழுக்க மெதுவாக அழத் தொடங்கின.

பெரிய தலைவர் யாராவது இறந்துபோனால் ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டு, நாள் முழுக்க வார்த்தையில்லாத வயலினும் வீணையும்தான் வைப்பார்கள். வார்த்தையில்லாத வயலினுக்குக் கம்மாபுரத்தில் அந்த ஒரே அர்த்தம்தான்.

முதலில் டீக்கடை தட்டியை இறக்கியது. கட்சிக் கொடிகள் இரண்டும் அரைக்கம்பத்துக்கு வந்தன. போனது யாருடைய தலைவர் என்று தெரியாததால் இரண்டு கட்சியும் முந்திக்கொண்டன. கல்லெறிவார்கள் என்று பயந்து விருத்தாசலம் பஸ் வந்த வழியே திரும்பியது. தேவநாதன் கண்களை மூடிக்கொண்டு, "எவ்வளவு அமைதியாக் கேக்கறாங்க பாருப்பா" என்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏ ஆண்டா! ஒங்கண்ணன் எல்ல வரைக்கும் வந்துட்டு, தாம்பாளத்தோட திரும்பிப் போறாருடி! துக்க நாள்ல சீரு எடுத்தா வெளங்காதுன்றாரு!"

ஆண்டாள் நேராக மைக் செட்டுக்கு வந்தாள். "யாருங்க செத்தது?"

"யாரும் சாகலம்மா. இது ரெண்டாவது பாகம். ரொம்ப முக்கியமான பாகம்."

"யாரும் சாவலன்னா எங்கண்ணன் ஏன் போவுது?"

தேவநாதன் காரணத்தை ஆரம்பித்தார். "அதாவதும்மா, இந்த இடத்துல வயலின்..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, எல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழமலையைக் கூப்பிட நான் பந்திக்கு ஓடினேன். நான் பாதி தூரம் போவதற்குள் வயலின் நின்றது.

"ஸ்ரீமுஷ்ணம் சாமிக்கண்ணு அவர்களே!" மைக்கில் தேவநாதன் கத்தினார். "தாய்மாமன் அவர்களே! யாரும் சாவலீங்க! தங்கச்சி நின்னுக்கிட்டு இருக்காங்க. வாங்க!"

அடுத்த நிமிஷம் பழமலையின் தட்டு பாடியது. கொடிகள் உச்சிக்கு ஏறின. டீக்கடை திறந்தது. எல்லையிலிருந்து தாம்பாளங்கள் ஊருக்குள் நகர்ந்துவந்தன. முன்னால் வந்த சாமிக்கண்ணு தங்கையைப் பார்த்து, "இன்னாடி இப்படி எளைச்சிட்ட" என்றார். அவ்வளவுதான், அவள் அழ ஆரம்பித்தாள். பாட்டு முடிந்ததும் தேவநாதன் யாரும் கேட்காமலே மறுபடி வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கோப்பையைப் பிடிக்கச் சற்று முன்னதாகவே போனேன். கதவு சாத்தியிருந்தது. ஜன்னலோரம் காதை வைத்தேன். உள்ளே, கூடத்தைத் தாண்டாத அளவுக்குச் சத்தம் குறைத்து, அந்த அண்ணன் தங்கச்சிப் பாட்டு.

பின்னாலேயே வந்த பழமலையை வாயில் விரல் வைத்து நிறுத்தினேன். அவனும் காதைக் கொடுத்தான்.

"அட, என் தட்டுங்க தம்பி! கம்மாபுரத்துலேர்ந்து வந்ததுலேர்ந்து தேடிக்கிட்டு இருக்கறேன். கேட்டிருந்தா குடுத்திருப்பனே" என்று கிசுகிசுத்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன் கேக்கறாராம்?" என்றான்.

உள்ளே பாட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கி, மறுபடி ஓரத்திலிருந்து வைக்கும் சத்தம் கேட்டது.