கசப்பு எங்கிருந்து வருகிறது

அந்தக் காபியை வாயில் வைக்க முடியவில்லை. சாதாரணக் கசப்பென்றால் பொறுத்துக்கொள்ளலாம்; இது தீய்ந்த கசப்பு. நாக்கில் பட்டு, தொண்டையைச் சுரண்டிக்கொண்டு இறங்கி, வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வாயிலேயே உட்கார்ந்திருந்தது.

கொட்டையைத் தானே அரைத்துக் காபி இறக்கும் எஸ்பிரஸோ மெஷின் மகள் வாங்கி அனுப்பியது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனவள், "ரெண்டு பேரும் காலைல உக்காந்து சேர்ந்து குடிங்கம்மா, அப்பாவ கடைக்கு விடாதே" என்று போனில் சொன்னாள். காரணமாகத்தான் சொன்னாள். அவள் இருந்தவரை இந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அவள் வழியாகத்தான் நடந்தது. அவள் போனபின் என் கணவர் குளித்ததும் சட்டையை மாட்டி, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காபியெல்லாம் வேலை நடக்கும் கட்டடத்துக்குப் பக்கத்துக் கடையில். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகக் குடிப்பேன்.

மெஷின் வந்தபிறகுதான் மனிதர் சமையலறைக்குள் காலெடுத்து வைத்தார். இந்தக் காபி சரியாகாவிட்டால் மறுபடியும் கடைக்குப் போய்விடுவார் என்று எனக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல என் ரோஷம் விடவில்லை. எல்லா எரிச்சலையும் மெஷின்மேல் காட்டினேன்.

நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். முடிவு தப்பாக வந்தால் எங்களுக்கு ஒரே வழிதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதில் கைவைக்காதே. அப்படியே செய்தேன். கருகக் கருக வறுத்த கொட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு இளவறுவலாக வாங்கினேன். கசந்தது. குழாய்த் தண்ணீரை நிறுத்தி வடிகட்டிய தண்ணீர் ஊற்றினேன். கசந்தது. தண்ணீர் இறங்கும் சல்லடையைக் கழற்றி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக வழிந்தது. அகப்பட்டான் திருடன் என்று குதித்தேன். மறுநாளும் கசந்தது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் ஆள். அவரும் தினமும் என் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சூடு அதிகமோ?"

"நேத்துதாங்க குறைச்சேன்."

"அப்ப பொடிய ரொம்ப அழுத்துறியோ?"

"என் கையில அவ்வளவு பலம் இருந்தா இந்த மெஷின எப்பவோ ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பேன்."

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பத்து மாடிக்கு ஆள ஏத்தி இறக்குறீங்க. ஒரு வாய்க் காபிய சரி பண்ணத் தெரியலயா?"

"தெரியலயே" என்று தலையைச் சொறிந்தார்.

கடைசியாக மிஞ்சியது மெஷினின் பக்கவாட்டில் இருந்த குமிழ். பொடி எவ்வளவு நைஸாக அரைபட வேண்டும் என்று அதில்தான் வைக்க வேண்டும். ரொம்ப நைஸாகிவிட்டால் தண்ணீர் சட்டென்று இறங்க முடியாமல் தேங்கி, பொடியிலுள்ள கசப்பையெல்லாம் இழுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. குமிழில் எண் கிடையாது. ஒரு பக்கம் நைஸுக்குச் சின்னப் புள்ளி, மறுபக்கம் கொரகொரப்புக்குப் பெரிய புள்ளி. சாயங்காலம் பெரிய புள்ளிப் பக்கம் திருப்பி வைத்தேன். காலையில் அதே சொட்டு. இன்னும் திருப்பினேன். மறுபடி அதே சொட்டு. யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது? பரிசோதனைக்கூடத்தில் குப்பிகள்மேல் எழுதும் மார்க்கரைக் கொண்டுவந்து, குமிழையும் மெஷினையும் சேர்த்து நீளமாக ஒரு கோடு போட்டேன்.

காலையில் கோடு இரண்டு துண்டாக நின்றது. குமிழ் சின்னப் புள்ளிப் பக்கம் போயிருந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருத்தி நான்.

"நீங்களா திருப்பினீங்க?"

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார்.

"இத்தனை நாளுமா?"

அதற்கும் தலையாட்டினார்.

"நான் ஒரு பக்கம் திருப்ப, நீங்க ஒரு பக்கம் திருப்பினா எப்படிங்க விளங்கும்? தெரியலைன்னா கையக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதானே! இனிமே உங்க விரல் அதுமேல பட்டுது, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன், ஆமா."

குமிழை மறுபடி பெரிய புள்ளிப் பக்கம் வைத்தேன். அவர் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காபி மெல்லிய நூலாக, தேன் நிறத்தில் இறங்கியது. குடித்துப் பார்த்தேன். கசப்பு இருந்தது, இருக்க வேண்டிய அளவுக்கு. தொண்டை பிழைத்தது. வெற்றிக் களிப்போடு அவர் முன்னால் ஒரு கோப்பையை வைத்து, எதிரில் உட்கார்ந்தேன்.

"நல்லா இருக்கு" என்றார்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கோப்பையின் காதைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து சாவியை எடுத்தார்.

"ஒரு கட்டடத்துல வேலை இருக்கு."

ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை? "காபிதான் சரியாயிடுச்சே, இன்னும் எங்க ஓடுறீங்க? என்கூட கொஞ்ச நேரம் உக்கார முடியாதா உங்களால?"

வாசல்வரை போனவர் நின்றார். "என்ன பேசுறதுன்னு தெரியலம்மா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல என்ன சொல்றது?" மெஷினைப் பார்த்தார். "கெட்டுப் போயிருந்தா கூப்பிடுவ. பக்கத்துல நிப்ப, திட்டுவ. அதுக்குத்தான் தினமும் திருப்பி வச்சேன்."

எவ்வளவு பொடியைச் சாக்கடையில் கொட்டினேன்! என் நாக்கே செத்துப்போயிருந்தது. அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

"கூட இருன்னு வாயால சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"நீ சொன்னியா?"

எழுந்து போய் அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினேன்.

"உக்காருங்க. ஒண்ணும் பேச வேணாம். சும்மா என்கூட உக்காருங்க."

உட்கார்ந்தார்.