தலையசைத்து ஒப்புக்கொண்டார்

காலை ஒன்பது மணிக்கு அந்தப் பள்ளியில் மணி அடிக்காது. அடித்தாலும் ஒரு பிரயோசனம் இல்லை. அலுவலக அறைக் கதவருகே இருக்கும் சுவிட்சைத் தலைமை ஆசிரியை மூன்று முறை போட்டு அணைப்பார். எட்டு வகுப்பறைகளிலும் மஞ்சள் பல்புகள் மூன்று முறை கண்ணைச் சிமிட்டும். எழுபத்திரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு வகுப்புக்கு ஓடுவார்கள். இந்த விஷயத்தில் காது கேட்கிற பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

தலைமை ஆசிரியைக்கும் பிறவியிலேயே காது கேட்காது. முப்பத்தோரு வருடங்களுக்கு முன்பு, தம்பி வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு, நான்கு பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து அவர் தொடங்கியதுதான் இந்தப் பள்ளி. கரும்பலகையில் அவர் என்ன எழுதினாலும் கன்னத்தில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர், ஒரு விரலால் கன்னத்தைத் தட்டுவது. வாயால் பேசுகிறவர்கள் 'சாக்பீஸ் டீச்சர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்கி வந்து, ஒரு சிட்டிகை உப்பு எடுக்கும் அளவில் நிற்கும். தன்னுடைய மெல்லிய மீசையைப் பார்த்து வைத்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது அவருடைய மொழிபெயர்ப்பின் அளவு.

ஏழு வயதில் அம்மா அவரைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு நீதான்டா எல்லாத்தையும் சொல்லணும்" என்று நியமித்தார். அன்றிலிருந்து அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒருவர் இருபது நிமிடம் மேடையில் முழங்கினால், "உன்னைப் பாராட்டுறார்" என்பார். டாக்டர் பத்து நிமிடம் விளக்கினால், "மாத்திரை சாப்பிடு" என்பார். வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது அக்கா அவர் முழங்கையை இழுத்து என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம் என்றுதான் நினைப்பார். அதற்குள் இன்னொரு சிரிப்பு வந்துவிடும்.

ஆகவே சாக்பீஸ் டீச்சர் ஒரு வித்தை கற்றுக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தால் அரை நொடி தள்ளிச் சிரிப்பது. மற்றவர்கள் தலையாட்டினால் தானும் ஆட்டுவது. தட்டு காலியாகும்வரை இப்படியே ஓட்டிவிட்டு, எழுந்து கை கழுவிக்கொண்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தன் பள்ளியில் மட்டும் இந்த வித்தையை அவர் ஒரு நாளும் அனுமதித்ததில்லை. புரியாமல் தலையாட்டும் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, புரியவில்லை என்று சொல்லவைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அந்த வியாழக்கிழமை மதியம் நிர்வாகக் குழு கூடியது. தலைவர் மருந்துக்கடை முதலாளி. அவருடைய மீசை மேலுதட்டை முழுவதும், கீழுதட்டைப் பாதியும் மறைத்திருந்ததால், அவர் பேசுகிறாரா மென்றுகொண்டிருக்கிறாரா என்றே டீச்சருக்குத் தெரியாது. இன்னொருவர் காது டாக்டர். மூன்றாவது ஆள் கட்டிடக் காண்டிராக்டர். செயலாளர், தம்பி.

"நாள் முழுக்கக் கையை ஆட்டிக்கிட்டே இருந்தா வாய் எப்படிங்க திறக்கும்?" என்றார் காது டாக்டர். "பெஞ்சுல கையை வெச்சு, அது மேல உட்காரச் சொல்லுங்க. மூணே மாசம். எல்லாம் பேச ஆரம்பிச்சிடும்."

"அதோட ஃபோன் எடுக்கத் தெரிஞ்ச ஒரு தலைமை ஆசிரியை வேணுங்க" என்றார் தலைவர். "போன வாரம் எட்டு தடவ அடிச்சேன்."

"எடுக்கலையா?"

"எடுத்தாங்க. எடுத்து, தூசி தட்டி, திரும்ப வெச்சிட்டாங்க."

நால்வரும் சிரித்தார்கள். டீச்சர் அரை நொடி தள்ளிச் சிரித்தார்.

"அப்ப இந்தம்மாவ என்ன பண்றது?" என்று கேட்டார் காண்டிராக்டர்.

"கௌரவ நிறுவனர்னு போட்டுடலாம். பெருசா ஒரு படம் எடுத்து மாட்டிடலாம்."

"ஒத்துக்கணுமே?"

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். தன்னைப் பற்றித்தான் ஏதோ பேச்சு என்று டீச்சருக்குப் பிடிபட்டது. என்ன என்று கேட்டார். தம்பியின் விரல்கள் மேசைக்கு அடியில் நெளிந்தன.

"உனக்கு மரியாதை. படம். நல்ல விஷயம்."

"இவ்வளவு நேரம் பேசினது அவ்வளவுதானா?"

"அப்புறம் சொல்றேன்."

நான்கு முகங்களும் டீச்சரைப் பார்த்துப் புன்னகைத்தன. டீச்சர் தலையாட்டினார்.

"பாத்தீங்களா, தங்கமான மனசு!" என்றார் தலைவர்.

கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, நடந்ததை நிதானமாகப் பிறகு எழுதுவது அந்தக் குழுவின் நெடுநாள் பழக்கம். பதிவேட்டின் வெற்றுப் பக்கத்தின் அடியில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். டீ வந்தது.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்றிருந்தார் தம்பி. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை தலைவலி. ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்காகக் கையைத் தூக்கியே விட்டார். அக்கா அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பொத்தான் தைத்துக்கொடுப்பவளிடம் போய் இதைச் சொல்வதா என்று தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை டீச்சர் தெருமுனையில் வரும்போதே பல்புகள் சிமிட்டி அடங்கிவிட்டன. சுவிட்சை வேறு யாரோ போட்டிருந்தார்கள். வேகமாக நடந்துபோய் முதல் வகுப்பை எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் கை இல்லை. எல்லோருடைய கைகளும் அவரவர் தொடைக்கு அடியில் இருந்தன.

எப்போதும் அவர் தலை தெரிந்த உடனே பன்னிரண்டு விரல்கள் பன்னிரண்டு கன்னங்களைத் தட்டும். இன்று ஒன்றும் அசையவில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக்கூட ஒரு கை வேண்டும். கடைசி பெஞ்சில் இருந்த ஆறு வயதுப் பெண் மட்டும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கன்னத்தைத் தோளில் இரண்டு தடவை தேய்த்துக் காட்டினாள்.

டீச்சர் அலுவலக அறைக்குப் போனார். அவருடைய நாற்காலியில் ஓர் இளம்பெண் இருந்தார். அவருக்கு மேலே, சுவரில், சட்டம் போட்ட படத்தில் டீச்சர் இருந்தார். இளம்பெண் பதறி எழுந்து, வாயை அகலமாகத் திறந்து என்னவோ பேசினார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார்: 'புதுத் தலைமை ஆசிரியை நான். உங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்களே? நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.'

பதிவேட்டையும் எடுத்துக் காட்டினார். அவருடைய கையெழுத்துக்கு மேலே அழகான எழுத்து, தம்பியுடையது. 'நிறுவனர் கூட்டத்தில் உடனிருந்து, விவாதம் முழுவதையும் கவனித்து, தலையசைத்து ஒப்புக்கொண்டார்.'

டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார். எத்தனையோ மேசைகளில் தனியாக உட்கார்ந்தவர்தான் அவர். அதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஆனால் தான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே தான் இல்லாமல்போனது இதுதான் முதல் தடவை. சுவரில் இருந்த தன் படத்தை அண்ணாந்து பார்த்தார். அது சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஒன்றும் தெரியாது போல.

பிறகு பேனாவை வாங்கி எழுதினார்: 'உங்களுக்குத்தான் ஃபோன் பேச வருமே. குழுவை இன்று மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லுங்கள்.'

நான்கு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். தம்பி கடைசியாக, சுவரோரமாக வந்தார்.

அத்தனையையும் டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் எழுத்தில் புலி. ஆனால் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறந்துவிட முடியும். தம்பியைப் பக்கத்தில் நிற்கவைத்து, "நான் சொல்றத அப்படியே வாயால சொல்லு. சுருக்காதே" என்றார்.

அரை நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளருடைய கைகளுக்கு மொத்தம் இருநூறு சொற்கள் தெரியும். அதில் பாதி சாப்பாடு. பள்ளியில் அக்கா உருவாக்கிய மொழியில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. அக்காவுக்கு அது தெரியும். மாணவனுக்குத் தெரிந்த சொற்களை வைத்தே பாடம் நடத்துகிற ஆசிரியை, அந்த இருநூறுக்குள்ளேயே நின்று, நிதானமாகக் கைகளை அசைத்தார்.

"அக்கா என்ன சொல்றாங்கன்னா..." என்று தொடங்கினார் தம்பி.

அவர் உதட்டையே பார்த்திருந்த டீச்சர் மேசையைத் தட்டினார். "அக்கா இல்ல. 'நான்'."

தம்பி மறுபடி தொடங்கினார். "நான் அன்னிக்கு இங்கதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அதனால தலையாட்டினேன்."

"புரியலைன்னா கேட்டிருக்கலாமே?" என்றார் காது டாக்டர்.

டாக்டர் வாய் அசைவதை டீச்சர் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்வதற்குத் தம்பியின் கை பழக்கத்தில் பாதி எழுந்து, நின்றது. பிறகு, தட்டுத் தடுமாறி, டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். டீச்சரின் பதில் சின்னது. அதை வாயால் சொல்லத்தான் தம்பிக்கு நெடுநேரம் ஆயிற்று.

"கேட்டேன். என் தம்பி அப்புறம் சொல்றேன்னான். என் தம்பி கெட்டவன் இல்ல. சோம்பேறி. பயந்தாங்கொள்ளி." தம்பி அக்காவின் கைகளிலிருந்து பார்வையை எடுத்தார். "இது... இது இப்ப நானா பேசறேங்க. நான் அக்காகிட்ட எதையும் சொல்லவே இல்ல. அந்தப் பக்கத்துல நான் எழுதினது சுத்தப் பொய்."

"ஏங்க, பேசறது நீங்களா, உங்க அக்காவா? ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்றார் தலைவர். ஆனால் குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும் சார்" என்றார் புதுத் தலைமை ஆசிரியை. "மூணாம் கிளாஸ்ல ஒரு குழந்தைக்குக் காலைலருந்து வயித்து வலி. கையை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டதால என்கிட்ட சொல்ல முடியல. மதியம் மயங்கி விழுந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நாளைக்கு அந்தக் குழந்தைங்க கையைப் பெஞ்சுக்கு மேல வைக்கட்டும். இல்லைன்னா நான் வரல."

காது டாக்டர் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தார். தலைவர் பதிவேட்டை இழுத்து, அந்தப் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார்.

டீச்சர் உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கையைக் காட்டினார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் விரல்களைப் பார்த்தபடி சொன்னார்:

"ஐம்பத்தெட்டு வருஷமா நான் தனியா இருந்தேன். காது கேக்காததால இல்ல. பக்கத்துல இருந்தவங்க சொல்லாம விட்டதால. ஒருத்தர எதிர்ல உட்கார வெச்சுக்கிட்டு, அவங்களுக்குப் புரியாத மாதிரி அவங்க வாழ்க்கையப் பேசி முடிக்காதீங்க. அவங்க தலையாட்டினா நம்பிடாதீங்க. புரிஞ்சுதான்னு கேளுங்க."

தலைவர் மெதுவாகத் தலையாட்டினார்.

டீச்சர் தம்பியைப் பார்த்தார்.

"புரிஞ்சுதாங்களா?" என்று கேட்டார் தம்பி.

தலைவர் மீசையைத் தடவினார். "முழுசா இல்லம்மா" என்றார், தம்பியைப் பார்க்காமல், டீச்சரைப் பார்த்து. "இன்னொரு தடவ சொல்லுங்க."