வேலைக்குப் போகும் மூன்று விரல்கள்

“எங்க அண்ணன் வெரலு மூணையும் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்” என்று அல்லி முதலாளி அம்பலவாணனின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாள். வேறு என்ன வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பட்டறைச் சூப்பர்வைசரும் போனில் அதையேதான் சொன்னார். ஏனென்றால் அந்த மூன்று விரல்களும் அப்போது ஷிஃப்டில் இருந்தன.

சித்திரையில்தான் பிரஸ் மெஷின் அண்ணன் செம்பியனின் வலது கையிலிருந்து அவற்றை எடுத்தது. இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும் மெஷின் அது. கை உள்ளே மாட்டக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்தக் காரைக்கால் பட்டறையில் அந்த வேகம் போதவில்லை. ஒரு பொத்தானை டேப் சுற்றி ஒரேயடியாக அமுக்கி வைத்துவிட்டார்கள். ஆளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடிய அவசரத்தில் விரல்களை யாரும் தேடவில்லை. மறுநாள் காலை அவை தகட்டுக் குவியலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தன, சுவரேறிக் கைரேகை மெஷினில் வருகை பதிந்தன, பிரஸ்ஸுக்குப் போய் பீரோ கீல் அடிக்கத் தொடங்கின. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஆடி பிறப்பதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. பக்கத்து மெஷின் அலாவுதீன் பாய் டீ நேரத்தில் அவற்றின் கிரீஸைத் துடைத்துவிட்டார். போன் பேசாத ஆள், பாத்ரூம் போகாத ஆள் என்று சூப்பர்வைசர் மெச்சினார். நெரவியில் வீட்டில் இருந்த செம்பியனோ, சோறு பிசையும்போது இல்லாத விரல்களில் தகட்டின் சூடு தெரிவதாகச் சொன்னான். சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு அவனுக்குத் தூக்கம் வந்தது.

விபத்து வேலையிடத்தில் நடந்தது என்று பதிவானால்தான் அவனுக்கு ஆயுளுக்கும் உதவித்தொகை. தேங்காய் உரிக்கும்போது வீட்டில் வெட்டிக்கொண்டான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வீட்டில் முதல் டிகிரி அல்லியுடையது; தொழிலாளர் நல ஆபீஸில் மனு போட்டாள். விசாரிக்க வந்த அதிகாரி வருகைப்பதிவைப் பார்த்தார். அதன்படி செம்பியன் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. “தெனம் வேலைக்கி வர்றவருக்கு என்னம்மா விபத்து?” என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த ஆச்சரியத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அம்பலவாணன் கோபப்படவில்லை. “நாங்களாம்மா புடிச்சு வச்சிருக்கோம்? அது தானா வருது, தானா செய்யுது. உங்க அண்ணன வேணா வாட்ச்மேனா போட்டுக்கறேன். நீயும் படிச்ச புள்ள, ஆபீஸ்ல வந்து ஒக்காரு. வெரல மட்டும் அது பாட்டுக்கு உட்ரு.”

“அதுக்குக் கூலி?”

“வெரலுக்கு எதுக்கும்மா கூலி? அதுக்கு வயிறா இருக்கு?”

“எங்க அண்ணனுக்கு இருக்குங்க” என்று சொல்லிவிட்டு அல்லி நேரே பட்டறைக்குள் நடந்தாள்.

விரல்கள் அவளைக் கவனிக்கவில்லை. நகங்கள் தேய்ந்து, நுனி காய்த்து, செம்பியனிடம் இருந்ததைவிடக் கெட்டியாகியிருந்தன. எப்படித்தான் தகட்டைப் புரட்டுகின்றன என்று அந்தக் கோபத்திலும் அவள் குனிந்து பார்த்தாள்: இரண்டு விரல்கள் தகட்டைத் தூக்க, மூன்றாவது ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கியது.

“கிட்ட போவாத புள்ள, மெஷின் ஓடுது” என்றார் அலாவுதீன் பாய்.

“தெரியும் பாய்.” அடுத்த பொத்தானில் சுற்றியிருந்த டேப்பை அவள் நகத்தால் நெம்பி உரித்தாள். மூன்றாவது விரல் ஓடிப்போய் அமுக்கியது. பிரஸ் இறங்கவில்லை. மறுபடி அமுக்கியது. பிறகு மூன்றும் தகட்டின் மேல் சேர்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. அல்லி கையை நீட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டன.

“பாத்துப் புடி” என்றார் பாய். “நடுவெரலுக்குக் கொஞ்சம் கூச்சம் ஜாஸ்தி.”

அம்பலவாணன் வாசல்வரை ஓடிவந்தார். “ஷிஃப்ட் முடியலம்மா!”

“ஆப்சென்ட் போட்டுக்குங்க. நாளைக்கும் போடுங்க.”

வெளியே நல்ல வெயில். பழக்கமில்லாத வெளிச்சத்தில் விரல்கள் மடங்கிக்கொண்டன. அல்லி துப்பட்டா நுனியால் அவற்றை மூடி, அதிகாரியின் ஆபீஸ் இருக்கும் பக்கமாக நடந்தாள்.