நல்லாத்தானுங்க இருக்குது

நாளை மறுநாள் தேர்வு. பயிற்சி வகுப்பில் தீபக் சார் என் மாதிரிக் கடிதத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

வெளிநாட்டில் வேலைக்குப் போகும் நர்ஸுகள் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வு இது. படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டேன். எழுதுவதில் மட்டும் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினேன். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுப்பார்கள். அதை வைத்து டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவ்வளவுதான். சிங்காநல்லூரில் இத்தனை வருடம் வார்டு பார்த்த எனக்கு அது வரவில்லை. என் கணவர் ஷெர்வின் போன வருடமே டப்ளின் போய்விட்டார். அவருடைய மருத்துவமனையில் எனக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். இந்த முறையும் கோட்டை விட்டால் அது வேறு யாருக்கோ. எங்கள் மகளுக்கு இப்போதே அப்பா என்றால் போனில் தெரிகிற முகம்தான்.

“நல்லாத்தானுங்க இருக்குது சிஸ்டர்,” என்றார் தீபக். “கொஞ்சம் பாத்துக்கிட்டீங்கன்னா போதுமுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காந்திபுரத்தின் இந்த மாடியறைக்கு வந்த நாளிலிருந்து இதே பாட்டு. முதல் தடவை தோற்பதற்கு முன்பும் நல்லாத்தான் இருந்தது, இரண்டாம் தடவையும் நல்லாத்தான் இருந்தது. மனுஷர் கெட்டவரில்லை. என்னைவிடச் சின்னவர், அடுத்தவர் மனம் நோக ஒரு சொல் சொல்லிப் பழகாதவர். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் விமானம் ஏற முடியுமா?

“ஏனுங் சார், நீங்கதான் அந்த டாக்டருன்னு வெச்சுக்குங்க. இதப் படிச்சதும் என்ன பண்ணுவீங்க?”

“அதுங்க...”

“மழுப்பாதீங்க. மறுக்காவும் தோத்துப்போட்டா எம்புள்ளைக்கு நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?”

அவர் முகம் சிவந்துவிட்டது.

“டீ குடிச்சுப்போட்டு அப்புறம் படிக்கலாம்னு எடுத்து வெச்சிருவனுங்க,” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

கடிதத்தைப் பிடுங்கிப் படித்தேன். வணக்கம், நன்றி, தங்கள் மேலான நேரம். குறிப்பிலிருந்த நோயாளி அம்மாள் ஓய்வுபெற்ற டீச்சர், இரண்டு பிள்ளைகள், தோட்ட வேலையில் பிரியம். அவர் குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்டது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்பது, இப்போது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்பது எல்லாம் கடைசிப் பத்தியில், சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்பதற்குச் சற்று மேலே. எங்கள் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் குடித்து, எல்லோரையும் விசாரித்து, கிளம்பும்போது வாசலில் நின்றுதான் வந்த காரியத்தைச் சொல்வோம். அதையே ஆங்கிலத்திலும் செய்து வைத்திருக்கிறேன். இத்தனை மாதமாக இது அவருக்கும் தெரியும். யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியவில்லை.

புதுத் தாள் எடுத்தேன். வாசலில் நின்று சொல்கிற காரியத்தை முதல் வரியில் வைத்தேன். டீச்சர் வேலையையும் தோட்டத்தையும் விட்டுவிட்டேன். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. எழுதும்போது பெரிய மரியாதை கெட்டவளாகிவிட்டதுபோல இருந்தது.

தீபக் படித்தார். “இது நல்லா இருக்குதுங்க சிஸ்டர்.”

இதை எப்படி நம்புவது? தாளை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அங்கே சேர்க்கை பார்க்கும் இஸ்மத் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் குறிப்புகளைப் பார்த்தவளில்லை.

“இதக் கொஞ்சம் படி கண்ணு.”

பையைத் தோளில் மாட்டியபடியே வாங்கினாள். இரண்டு வரிதான் போயிருக்கும். தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“ஏனுங்க்கா, டாக்டரு வந்தாருங்களா? அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

“அப்படியொரு அம்மாவே இல்ல கண்ணு,” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.